உடையாதது

முதுகுக் கவசத்தைச் சைக்கிள் பட்டறையின் தரையில் வீசினான் எத்திராஜ். நடுவில் பிளந்திருந்த அது, வார்ப்பட்டைகள் இழுபடச் சறுக்கிப் போய்ச் செலினின் காலருகே நின்றது.

"ஒரே ஒரு தடவைதான் விழுந்தேன் மாஸ்டர். உடைஞ்சிருச்சு."

செலின் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மலைச் சரிவுகளில் சைக்கிளில் இறங்கக் கற்றுத்தருபவள் அவள். எத்திராஜுக்குக் கோத்தகிரிச் சந்தையில் டீத்தூள் கடை. அவளைவிட மூத்தவன். ஆனாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவான்.

"எங்க விழுந்தீங்க சார்?"

"யானைமுதுகுச் சரிவுல. அந்தக் கரும்பாறை மேல. மல்லாக்க."

"ம்."

"வாங்கின கடையில போய்ச் சண்டை போட்டேன். விழுந்து உடைஞ்சா வாரண்டி கிடையாதாம். பின்ன எதுக்கு அதை மாட்டிக்கிறது? போட்டோ எடுக்கவா?"

செலின் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. செயின் வேற அறுந்துபோச்சு. சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு, சகதியில, ரோடு வரைக்கும் நடந்தே வந்தேன். எனக்கு எவ்வளவு கோவம் வந்திருக்கும்?"

"வந்திருக்கும்."

கவசத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினான். வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தான். குரல் இறங்கியது.

"அன்னையிலேர்ந்து சும்மா நடந்து மேல போய் நின்னாலே முதுகு சில்லுங்குது மாஸ்டர். ஒரு அடி இறங்க முடியல. உடையாத கவசம் ஒண்ணு இருந்தா சொல்லுங்க, மாட்டிக்கிறேன். இல்லைன்னா இந்த சைக்கிளை யாருக்காவது வித்துக் குடுத்துருங்க. வீட்ல விஜயாவும் அதைத்தான் சொல்றா."

சுவரில் கவசங்கள் வரிசையாகத் தொங்கின. அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"அந்தக் கெட்டித் தகடு வச்சது?"

"உடையும்."

"மெத்து மெத்துன்னு இருக்கே, அடிபட்டா இறுகுமாமே, அது?"

"ஒரு நாளைக்குப் பிஞ்சு போகும்."

"நெஞ்சு, தோளு எல்லாம் சேர்த்து மூடுதே?"

"எல்லாம் சேர்ந்து உடையும்."

"அப்ப உடையாததுன்னு ஒண்ணுமே இல்லையா?"

செலின் கையிலிருந்த ஸ்போக் சாவியைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இருக்கு."

உள்ளே போனாள். பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் இரும்புத் தோசைக்கல் இருந்தது.

"மாஸ்டர், இது தோசைக்கல்லு."

"ஆமா. திரும்புங்க."

பழைய ட்யூபால் அதை அவன் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். ரப்பர் சுத்தியலை எடுத்தாள். ஓங்கி ஒரு அடி.

எத்திராஜ் தடுமாறிப் போய் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"வலிக்குதா?"

"உசுரு போகுது!"

கல்லை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"கல்லுக்கு ஒண்ணும் ஆகல."

உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"நான் விளையாட்டுக்குக் கேக்கல மாஸ்டர்."

"நானும் விளையாடல. அதை எடுத்துக்கிட்டு வாங்க." உடைந்த கவசத்தை மோவாயால் காட்டினாள்.

தேயிலைச் சரிவைத் தாண்டிச் சோலைக்குள் ஏறினார்கள். மூடுபனியில் அவள் முதுகு மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கவசத்தை அக்குளில் இடுக்கியபடி எத்திராஜ் பின்னால் போனான். முதுகு இன்னும் வலித்தது.

செலின் நின்றாள்.

கரும்பாறை.

விழுந்த அன்று அவன் இதைப் பார்க்கவில்லை. மல்லாந்து கிடந்தான், வானத்தைத்தான் பார்த்தான். எழுந்ததும் சைக்கிளைத் தேடினான். பாறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உச்சியில் அது தட்டையாக இல்லை. கோடரியின் வாய்போல மேல் நோக்கி நின்றது.

அந்த விளிம்பில் கறுப்பாக ஒரு தீற்றல். பிளாஸ்டிக் உருகித் தேய்ந்தது. மழையில் இன்னும் அழியவில்லை.

"குடுங்க."

பிளந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்துப் பாறையின் மேல் வைத்தாள். மெல்ல நகர்த்தினாள். ஓர் இடத்தில் அது தானாக இறங்கி உட்கார்ந்தது. கையை எடுத்தாள். அசையவில்லை.

பாறையின் விளிம்பு கவசத்தின் பிளவுக்குள் இருந்தது.

"உள்பக்கம் பாருங்க."

எத்திராஜ் குனிந்தான். முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் இப்போது மேலே இருந்தது. விரலால் அழுத்தினான். மற்ற இடங்களில் நுரை அவன் கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தது. நடுவில் மட்டும் நசுங்கி, நசுங்கி, ஒரு காகிதமாகியிருந்தது. காகிதத்துக்கு அடியில் பாறையின் கூர் விரலில் பட்டது.

அதற்கு மேல் உள்துணி. அவனுடைய வியர்வைக் கறை படிந்த துணி.

அது கிழியவில்லை.

நூல் பிரிந்திருக்கிறதா என்று தேடினான். இல்லை.

அவன் கை தானாகத் தன் முதுகுக்குப் போனது. முழுக்க எட்டவில்லை. எட்டிய வரைக்கும் எலும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

"இங்கேர்ந்து அப்புறம் எப்படிப் போனீங்க சார்?" செலின் கேட்டாள்.

"அதான் சொன்னேனே மாஸ்டர். சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு, ரோடு வரைக்கும் நடந்..."

அவன் முடிக்கவில்லை.

பனி விலகியது. சரிவு அடிவரைக்கும் தெரிந்தது. பாறையிலிருந்து இறங்கிப் போகும் ஒற்றையடித் தடம், வளைவு, இன்னொரு வளைவு, தூரத்தில் நூல்போல ரோடு. அந்தத் தூரத்தை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கீழே பள்ளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றும் ஓடியிருக்க வேண்டும்.

மூச்சு விடுவதுபோலச் சொன்னான்.

"அவ்வளவு தூரம்."

செலின் கவசத்தைப் பாறையிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் கவசத்தை அவனிடமிருந்து வாங்கி, கழித்துப் போட்ட டயர்களோடு வாசலோரம் வைத்தாள்.

"எதை வாங்கறதுன்னு கேட்டீங்களே?"

"இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா மாஸ்டர்?"

"கிடைக்கும். வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகும்."

"ஆகட்டும்."

"சைக்கிளுக்கு ஆள் பாக்கட்டுமா?"

எத்திராஜ் வாசலைப் பார்த்தான்.

"செயின் மாட்டிக் குடுங்க."

அவள் மாட்டிக் கொடுத்தாள். பெடலைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, துணியில் கிரீஸைத் துடைத்தாள். பிறகு பாதியில் விட்ட சக்கரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சக்கரம் சுழன்றது. அவள் கண் அதன் விளிம்பிலேயே இருந்தது.

எத்திராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். வாசலோரம் கிடந்த கவசத்தில் அவன் கால் பட்டது.

நின்றான். சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டான். முதுகை வளைத்துக் குனிந்து, உடைந்த இடத்தைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.