சாம்பார் சர்வே

கோட்டு போட்ட குணசீலன் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு முழங்கினார். "செல்போன்ல சர்வே கேள்விக்குப் பதில் சொன்னா தினம் ரெண்டாயிரம்! சேர ஐநூறுதான்! சாப்பிட்டு வந்து வாங்கிக்கிறேன்."

ஜனம் ஐநூறு ரூபாய் நோட்டோடு வரிசையில் நின்றது. அவர் சாப்பிட இலை முன் உட்கார்ந்தார். கோட்டில் குத்திய மைக்கை அணைக்க மறந்திருந்தார். சாம்பார் வாளியோடு வந்த செண்பகவடிவு அதைப் பார்த்துவிட்டாள்.

"சார், நானும் சர்வே எடுக்கிறேன். சாம்பார் எப்படின்னு சொன்னா ஆயிரம் ரூபா. சேர முதல்ல இருநூறு கட்டுங்க."

"என்னைக் கேணையன்னு நெனச்சியா? காசு குடுக்கிறவ எதுக்கு முதல்ல காசு கேக்கிறே? இது பச்சை மோசடி!"

மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாம் "பச்சை மோசடி" என்று அலறின. வரிசை கலைந்தது.

செண்பகவடிவு மைக்கருகே குனிந்தாள். "சரியான பதில் சார். இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா?"