இடப்பக்கம் நின்றவன்

சந்தியாகுவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் திருச்செந்தூர்ப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தான். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவனுக்கு இடது கால் மெலிந்திருந்தது. எங்கே நின்றாலும் இடது கையால் எதையாவது பிடித்து, உடம்பை அந்தப் பக்கமே சாய்த்து நிற்பான். சன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பெட்டியை நாயகம் எடுத்துட்டானா?" என்று கத்தினான். இல்லை என்று கையசைத்தேன். "எடுக்கச் சொல்லுங்க. அது அவன் பெட்டி." அதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

அந்தப் பெட்டியின் வழக்குதான் இது. தீர்ப்பை நீங்கள் சொல்லலாம்.

தூத்துக்குடியில் என் பழக்கடைக்கு எதிரே பால்வண்ணன் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். எத்தனையோ பெட்டிகள் இருந்தாலும் கூட்டமெல்லாம் சண்டைப் பெட்டியைச் சுற்றித்தான். இரண்டு பேர் அருகருகே நின்று ஆட வேண்டும். இருவருக்குமே இடது கைக்குக் கைப்பிடி, வலது கைக்குப் பொத்தான்கள். இடப்பக்கம் நிற்பவனின் ஆள் திரையில் இடப்பக்கம் இருப்பான். கைப்பிடியை எதிரியை நோக்கித் தள்ளினால் ஆள் முன்னே நடப்பான். எதிர்த்திசையில் இழுத்தால் பின்வாங்குவான். இழுத்தபடியே வைத்திருந்தால் வருகிற அடியைத் தடுத்தும்விடுவான்.

தடுப்பவனை வீழ்த்தவும் ஆட்டத்தில் ஒரு வழி உண்டு. கிட்டே போய், பிடித்துத் தூக்கி எறிய வேண்டும். தடுப்பு அதற்கு முன்னால் நிற்காது. ஆனால் அந்தக் கடையில் எறிவது கேவலம். எறிந்து ஜெயித்தவனைப் 'பிடிகாரன்' என்று நாள்கணக்கில் கேலி செய்வார்கள்.

அங்கே கோமதிநாயகத்தை மிஞ்ச ஆளில்லை. கைப்பிடியின் எந்தத் திருப்பலுக்கு எந்த அடி என்பது அவன் விரல்களுக்குத் தெரியும். "பொத்தானைப் பார்க்காத, ஆளைப் படி" என்பான். அவன் யாரையும் எறிந்ததில்லை.

சந்தியாகு உப்பு மூட்டைகளுக்கு முத்திரை குத்தும் வேலையில் இருந்தான். பொத்தான்களையும் அப்படியே குத்துவான், உள்ளங்கையால், எது எதற்கென்று தெரியாமல்.

"ஏல, அது பொத்தான், பரோட்டா மாவு இல்ல" என்பான் நாயகம்.

"நான் என்ன செய்யப்போறேன்னு உனக்குத் தெரியுதா?"

"உனக்கே தெரியாதுல்லால!"

"பெறவு என்ன? ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பால்வண்ணன் மற்றப் பெட்டிகளை விற்றார். சண்டைப் பெட்டிக்குப் போட்டி வைத்தார். கடைசியில் இவர்கள் இருவரும் மிஞ்சினார்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிப்பவனுக்குப் பெட்டி. வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து நாயகத்துக்கு வேலை இல்லை. அவன் மச்சான் தன் கடை முகப்பில் பெட்டிக்கு இடம் ஒதுக்கி, மின்சார இணைப்பும் இழுத்து வைத்திருந்தான். பெட்டி வந்தால் பிழைப்பு.

முதல் ஆட்டத்தில் சந்தியாகு வழக்கம்போல் இடப்பக்கம் நின்றான். நாயகம் அடித்ததெல்லாம் தடுக்கப்பட்டது. கிட்டே போனால் எங்கிருந்தோ ஓர் உதை வந்தது. சந்தியாகு ஜெயித்தான்.

தோற்றவன் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது கடை வழக்கம். நாயகம் இடப்பக்கத்தைக் கேட்டு வாங்கினான். இப்போது வலப்பக்கம் நின்ற சந்தியாகுவின் ஆள், அடி வாங்கவே வந்தவன்போல் நேரே நடந்து வந்தான். ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. நாயகம் திரையை விட்டுச் சந்தியாகுவின் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாவது ஆட்டம். தேர்வு சந்தியாகுவுடையது.

"எந்தப் பக்கம்னா எனக்கென்ன? நீயே சொல்லுல."

நாயகம் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "நீ இங்க வா" என்று இடப்பக்கத்தை விட்டு விலகினான். ஆட்டம் நீண்டது. நாயகம் தெரிந்த அடிகளையெல்லாம் அடித்தான். சந்தியாகு ஜெயித்தான்.

பால்வண்ணனும் அந்தக் கையைக் கவனித்திருந்தார். "தெரிஞ்சேதான் மாறி நின்னியால?" என்று நாயகத்திடம் கேட்டார்.

"அவன் காலை வச்சா நான் ஜெயிக்கணும், அண்ணாச்சி?"

சந்தியாகுவின் சிரிப்பு நின்றது. "அப்ப நான் ஜெயிக்கல. நீ பிச்சை போட்டிருக்க. பெட்டியை நீயே தூக்கிட்டுப் போ."

"மூணுல ரெண்டு உனக்கு. பெட்டியும் உனக்குத்தான்" என்றான் நாயகம்.

"நான் குடுத்தாச்சு. இனி அது என்னுது இல்ல" என்றார் பால்வண்ணன்.

யாராவது ஒருவர் எடுத்துப்போகும்வரை இருக்கட்டும் என்று நான் பழம் அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் இறக்கினார்கள்.

இப்போது சொல்லுங்கள். நாயகம் விட்டுக்கொடுத்தானா, தோற்றானா? அந்தப் பெட்டி யாருக்குச் சேர வேண்டியது?

விடை: எங்கள் பழக்கடையிலிருந்தபடி எல்லாவற்றையும் பார்த்த என் மனைவி அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, பிடிச்சுத் தூக்கி எறியறது ஒண்ணு உண்டுல்லா? அதை நாயகம் ஏன் செய்யல?" அதில் எல்லாம் அடங்கிவிட்டது. சந்தியாகு சாய்ந்து நின்றதால் இடப்பக்கத்தில் அவன் கைப்பிடி எப்போதும் தடுப்பில் இருந்தது. வலப்பக்கத்தில் அதே சாய்வு அவனை எதிரியிடம் நடத்திச் சென்றது. இதைப் படித்தறிந்து பக்கத்தைக் கொடுத்தது நாயகத்தின் நல்ல மனது. ஆனால் பக்கம் போன பிறகும் ஜெயிக்கும் வழி அவன் கையிலேயே இருந்தது. பிடிகாரன் என்று பெயர் வாங்க மனமில்லாமல் அவன் எறியவில்லை. அதற்கும் சந்தியாகுவின் காலுக்கும் தொடர்பில்லை. ஆகவே நாயகம் தோற்றான், பிச்சை எதுவும் போடவில்லை. பெட்டி சந்தியாகுவுடையது. இதை இருவரிடமும் சொன்னேன். நாயகம் ஒப்புக்கொண்டான். சந்தியாகு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அவனும் இல்லை, அந்தக் கேள்வியைக் கேட்டவளும் இல்லை. பெட்டி இன்னும் கிட்டங்கியில்தான் இருக்கிறது. வலப்பக்கக் கைப்பிடி நேராக நிற்கிறது. இடப்பக்கக் கைப்பிடி இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.