முச்சந்தியாரிடம் வாக்குக் கொடுத்த கீரி

நெட்டிக்குளம் வற்றிக்கொண்டே வந்தது. கரையெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. குளத்தங்கரைக் காட்டில் ஒரு பாறையின் அடியில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு கீரி. அதன் பெயர் சிலும்பன். எடுத்ததற்கெல்லாம் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதன் மனைவி தவிட்டி. தவிட்டு நிறம், பேச்சு குறைவு, மூக்கு மட்டும் வெகு கூர்மை.

"தவிட்டி! நான் மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் கண்டுபிடித்து வருகிறேன். கண்டுபிடிக்காமல் திரும்பினால் என் பெயர் சிலும்பன் இல்லை!" என்றது கீரி.

"போகத்தான் வேண்டுமா? நம் பாறையைச் சுற்றியே ஈர வாடை அடிக்கிறதே!" என்றது தவிட்டி.

"உனக்கு எப்போதும் ஏதாவது வாடை அடிக்கும்!" என்று சிரித்துவிட்டு, மனைவியின் மூக்கைத் தன் மூக்கால் ஓர் இடி இடித்துவிட்டுப் புறப்பட்டது சிலும்பன்.

கோடை முழுக்க அலைந்தது. மலை ஏறியது, இறங்கியது, உள்ளங்கால் கொப்பளித்தது. தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? நொண்டி நொண்டித் திரும்பியபோது, மூன்று தடங்கள் கூடும் இடத்தில், பட்டப்பகலில், ஒரு புளியமரத்து நிழலில் கழுதைப்புலி ஒன்று படுத்திருந்தது.

காட்டில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முச்சந்தியார் என்பார்கள். யார் என்ன கேட்டாலும் கொடுக்கும். பதிலுக்கு ஒன்று கேட்கும். கொடுத்தவர் யாரும் பிறகு நிம்மதியாகத் தூங்கியதில்லை என்று பேச்சு.

"என்ன தம்பி, முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டது முச்சந்தியார். அது சிரித்தால் பல் எல்லாம் தெரியும். கண் மட்டும் சிரிக்காது.

"தண்ணீர் தேடிப் போனேன் ஐயா. கிடைக்கவில்லை."

"இவ்வளவுதானா! கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. எங்கே என்று நான் சொல்கிறேன். பதிலுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். உன் வீட்டில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை எனக்குக் கொடுத்துவிடு!"

சிலும்பன் யோசித்தது. 'என் வளையில் எனக்குத் தெரியாமல் என்ன இருக்கும்? ஒரு வண்டு இருக்கும். மிஞ்சிப்போனால் பாம்புச் சட்டை. போகட்டுமே!'

"தந்தேன் ஐயா! சத்தியம்!" என்று புழுதியில் காலை அழுத்திப் பதித்தது.

முச்சந்தியார் அந்தத் தடத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டது. "உன் வளைக்குப் பின்னால், பாறையை ஒட்டித் தோண்டு. நாளைக் காலை வருகிறேன்" என்றது.

சிலும்பன் கால் வலியை மறந்து ஓடியது. வீட்டுக்குள் நுழையக்கூட இல்லை. நேரே பாறைக்குப் பின்னால் போய்ப் பரபரவென்று தோண்டியது. ஈரமண் வந்தது. சேறு வந்தது. பிறகு, குபுகுபுவென்று தண்ணீர்!

"தவிட்டி! தவிட்டி! வெளியே வந்து பார்!" என்று கத்திக்கொண்டே வளைக்குள் பாய்ந்தது. பாய்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

தவிட்டியின் வயிற்றோரம் மூன்று குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. கீச் கீச்சென்று முண்டிக்கொண்டிருந்தன.

"நீங்கள் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பாருங்கள், நடுவிலே இருப்பது உங்களைப் போலவே சிலிர்க்கிறது!" என்றது தவிட்டி.

சிலும்பன் அப்படியே உட்கார்ந்து அழுதது. அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொன்னது.

தவிட்டி குட்டிகளைத் தன் வயிற்றோடு இழுத்து அணைத்துக்கொண்டது. பிறகு, "பாவி மனுஷரே!" என்றது. கீரியை மனுஷர் என்று திட்டுவதற்கு மேல் அந்தக் காட்டில் வேறு வசவு கிடையாது.

"நான் அதோடு சண்டை போடுகிறேன்! இல்லாவிட்டால் என்னையே கொடுத்துவிடுகிறேன்!"

"உங்களை வைத்துக்கொண்டு நான் பட்டது போதும், அவருக்கும் எதற்கு? விடிந்ததும் குட்டிகளை ஊற்றங்கரைக்குக் கொண்டுபோங்கள். நான் கூப்பிடும்வரை வீட்டுப் பக்கம் வரவே கூடாது. ஏன் என்றும் கேட்கக் கூடாது!"

சிலும்பன் ஏன் என்று கேட்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக மனைவி சொன்னதை அப்படியே செய்தது. ஊற்றங்கரையில் குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு கிடந்தது. ஒன்று அதன் மீசையைச் சப்பியது. ஒன்று காதுக்குள் மூக்கை விட்டது. சிலிர்க்கும் குட்டி தூக்கத்திலும் சிலிர்த்தது. தண்ணீர் குடிக்க வந்த மான்களும் மயில்களும் அதைப் பார்த்து மெதுவாக நடந்தன.

வெயில் ஏறும்போது முச்சந்தியார் ஊற்றங்கரைக்கு வந்தது. "ஊற்று வந்ததா தம்பி? என் பொருள் எங்கே? அந்தக் குட்டிகள்தானே!"

தவிட்டி குறுக்கே வந்து நின்றது.

"முச்சந்தியாரே, வணக்கம்! நீங்கள் கேட்டது வீட்டில் இருப்பதை. குட்டிகள் வீட்டிலா இருக்கின்றன? கேட்டது இவருக்குத் தெரியாததை. குட்டிகளை இவருக்குத் தெரியாதா? எது மீசையைச் சப்பும், எது சிலிர்க்கும் என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்!"

"வார்த்தையில் வழுக்குகிறாயா? நான் வெறும் வாயோடு போகமாட்டேன்!" என்று உறுமியது முச்சந்தியார்.

"யார் போகச் சொன்னார்கள்? கொடுத்த வாக்கு வாக்குதான். இவருக்குத் தெரியாத ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. கொழுகொழுவென்று இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்!"

முச்சந்தியார் சிலும்பனைப் பார்த்தது. "என்னடா அது?"

"தெரியாது ஐயா! சத்தியமாக எனக்குத் தெரியாது!" என்று அலறியது சிலும்பன். அந்த முகத்தைப் பார்த்தால் அது பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முச்சந்தியார் வளை வாசலுக்குப் போனது. உள்ளிருந்து ஏதோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. 'இன்னொரு குட்டியை ஒளித்துவைத்திருக்கிறாள்! எல்லாவற்றிலும் கொழுத்த குட்டி!' என்று முச்சந்தியாருக்கு எச்சில் ஊறியது. தலையை உள்ளே விட்டு, வாயை அகலத் திறந்து, ஒரே கவ்வாகக் கவ்வியது.

"ஐயோ! ஐயையோ!"

வெளியே வந்த மூஞ்சி முழுக்க முள்! நாக்கில் முள், மூக்கில் முள்! முச்சந்தியார் ஊளையிட்டுக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் மூன்று தடங்களில் எது தன் தடம் என்றே அதற்குத் தெரியவில்லை. அன்றோடு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

வளைக்குள்ளிருந்து கொட்டாவி விட்டபடி ஒரு முள்ளம்பன்றி வெளியே வந்தது. "கொஞ்சம் படுத்துக்கொள்ளுங்கள் மாமா என்று கூப்பிட்டாயே தவிட்டி, இதுவா மரியாதை? கண்ணை மூடியதும் யாரோ பின்பக்கம் கடிக்கிறார்கள்!"

மான்கள் சிரித்தன. மயில்கள் சிரித்தன. சிலும்பன் மட்டும் சிரிக்கவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் மனைவியின் முன்னால் வைத்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தவிட்டி, வீட்டில் எனக்குத் தெரியாதது இன்னும் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டது.

"நிறைய இருக்கிறது. உள்ளே வாருங்கள், சொல்கிறேன்" என்றது தவிட்டி.

தன் வீட்டில் இருப்பது இன்னதென்று அறியாமல் வாக்குக் கொடுப்பவன், தன் உயிரினும் இனியதையே விலைபேசிவிடுவான்.