அரை இலந்தைப் பழம்

இலந்தைக் காட்டில் கொண்டையன் என்று ஒரு மரங்கொத்தி இருந்தது. கிளிகளுக்கும் மைனாக்களுக்கும் மரத்தில் பொந்து கொத்திக் கொடுப்பது அதன் தொழில். பொழுதன்னைக்கும் கொத்தினால் பத்து இலந்தைப் பழம் கிடைக்கும்.

"கொண்டையன் பொந்துக் கம்பெனி! முதலாளியும் நானே, தொழிலாளியும் நானே!" என்று கிளை கிளையாகக் கத்திக்கொண்டு திரியும்.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூலி வாங்குகிறவர் தன் கூலியில் கொஞ்சம் பொதுக் குகையில் போட வேண்டும். கூலி கொடுக்கிற முதலாளியும் அதே அளவு போட வேண்டும். அடிபட்டு விழுந்தாலோ, வயசாகி ஓய்ந்தாலோ, எந்தக் கூலிக்குப் பங்கு போட்டாரோ அதில் பாதி தினமும் குகையிலிருந்து வரும். குகைக்குப் பொறுப்பு ஒரு முள்ளம்பன்றி. சின்னது பெரிசு எல்லாம் அதை அத்தை என்றுதான் கூப்பிடும். பழத்தைப் பாறையில் காயவைத்து, பூச்சி அண்டாமல் பார்த்துக்கொள்ளும்.

அத்தை பங்கு கேட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும், கொண்டையன் வேலியோரத்து ஓணானிடம் யோசனைக்குப் போனது. விவரம் தெரிந்தது என்று ஓணானுக்குக் காட்டில் பெயர்.

"அண்ணே, முதலாளி பங்கும் நானே போடணுமாம், கூலிக்காரன் பங்கும் நானே போடணுமாம். இருக்கிறது ஒரு வயிறு! கூலியைக் குறைச்சுச் சொல்லிட்டா என்ன?"

ஓணான் தலையை ஆட்டியது.

"மிச்சத்தை லாபம்னு சொல்லிக்கிட்டா? லாபத்துக்குப் பங்கு கிடையாதே!"

ஓணான் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டியது. ஆட்டியதற்கு ரெண்டு பழம் வாங்கிக்கொண்டு போனது.

அத்தை மரத்தடிக்கு வந்தது.

"மருமவனே, உன் கம்பெனிக்கு முதலாளி யாரு?"

"நான்தான் அத்தை!"

"கூலிக்காரன்?"

"அதுவும் நான்தான்!"

"முதலாளி கூலிக்காரனுக்கு என்ன கொடுக்கிறாரு?"

"நாளைக்கு ஒரு பழம்."

கேட்டீர்களா அநியாயத்தை! பத்துப் பழம் சம்பாதிக்கிற வாய், ஒரு பழம் என்று கூசாமல் சொன்னது.

அத்தைக்கு முள் சிலிர்த்தது. "மரத்தையே துளைக்கிறவனுக்கு ஒரு பழமா? அந்தக் கல்நெஞ்சுக்கார முதலாளியைக் கொஞ்சம் கூப்பிடு, நான் நாலு வார்த்தை கேட்கணும்!"

"அவரு வெளியே போயிருக்காரு அத்தை!" என்று சொல்லிவிட்டுக் கொண்டையன் தன் பகடிக்குத் தானே சிரித்தது.

"சிரி, சிரி. ஒரு பழத்துக்குப் போட்டா, ஒரு பழத்துக்குத்தான் வரும். பின்னாடி என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே!"

மேலே பொந்தில் முட்டைமேல் உட்கார்ந்திருந்த மனைவி செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய்யா, கிளிகளுக்கு விருந்து வைக்கப் பழம் இருக்கு, குகையில போடப் பழம் இல்லையா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள. நாலு பேருக்கு விருந்து வச்சாத்தான் கம்பெனி வளரும். அலகு இருக்கிறவரைக்கும் நமக்கு என்ன கவலை?"

அப்படியே நாள் ஓடியது. லாபம் என்று பெயர் வைத்த பழமெல்லாம் கிளிகளின் தொண்டைக்குள் போனது. "கொண்டையன் மாதிரி முதலாளி உண்டா!" என்று கிளிகள் கத்திவிட்டுப் பறந்தன.

முட்டை பொரிந்து மூன்று குஞ்சு வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு மைனா, கருங்காலி மரத்தில் பொந்து வேண்டும் என்று கேட்டது. மரம் இரும்பு மாதிரி. "முதலாளி வாக்குக் கொடுத்துட்டேன்!" என்று கொண்டையன் ஓங்கி ஓங்கிக் கொத்தியது. படீரென்று அலகு பிளந்தது.

அதோடு மழையும் பிடித்துக்கொண்டது. இலந்தையில் பிஞ்சு உதிர்ந்தது. புழு பூச்சி எல்லாம் மண்ணுக்குள் பதுங்கியது. செவ்வந்தி நனைந்து நனைந்து தேடியும் ஒரு வாய்க்குக் கிடைத்தது, மூன்று வாய்க்குக் கிடைக்கவில்லை. காட்டில் சாப்பாடு இருந்த ஒரே இடம் அத்தையின் குகை.

கொண்டையனும் செவ்வந்தியும் அங்கே போய் நின்றன. அத்தை உள்ளே போய், ஒரு காய்ந்த இலந்தைப் பழத்தைப் பல்லால் இரண்டாகக் கடித்து, ஒரு பாதியைக் கொண்டுவந்து வைத்தது.

"என்ன அத்தை இது?"

"ஒரு பழத்தில் பாதி. இன்னைக்குப் பங்கு. கொட்டை உன் பாதியிலேயே இருக்கு பார், அதையும் எடுத்துக்கோ."

"மூணு குஞ்சு இருக்கு! இதை எந்த வாயில வைக்க? கொள்ளைக்காரக் குகை! இது அநியாயம்!"

"ஏலே, நாக்கை அடக்கு!" என்று அத்தை கத்தியதில் குகையே அதிர்ந்தது. "உள்ளே என்ன ஊற்றா சுரக்குது? மழையில ஒதுங்கிக் கிடக்குதே, கால் ஒடிஞ்ச குரங்கு, அது தினம் நாலு பழத்துக்குப் பங்கு போட்டது. அதோட முதலாளி கரடியும் கூடவே போட்டது. அதில எடுத்து உனக்குக் கொடுத்தா, நாளைக்கு அது எதைத் தின்னும்?"

மழைக்கு ஒதுங்க வந்த ஓணான் அங்கே தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. "அத்தை சொல்றதுதான் நியாயம்!"

"அட பாவி! நீதானே எனக்கு யோசனை சொன்னே!"

"நான் எங்கே சொன்னேன் தம்பி? தலையை ஆட்டினேன். என் தலை எப்பவும் ஆடும்."

அத்தை தன் சொந்தப் பங்கிலிருந்து ஒரு முழுப் பழம் எடுத்து செவ்வந்தியின் முன்னால் வைத்தது. அதைக் கொண்டுபோய் இரண்டு குஞ்சுக்கு ஊட்டின. மூன்றாவது குஞ்சுக்கு அந்த அரைப் பழத்தைக் கொடுத்தன. எல்லாவற்றிலும் சின்னது அது. மழை நான்கு நாள் விடவில்லை; தினமும் வந்த அரைப் பழம் மூன்று வாய்க்கும் எட்டவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அது வாயைத் திறந்தபடியே விறைத்துக் கிடந்தது.

"எல்லாம் அந்த ஓணானால வந்தது! அந்த முள்ளம்பன்றி மனசு வச்சிருந்தா..." என்று கொண்டையன் ஆரம்பித்தது.

செவ்வந்தி சீறித் திரும்பியது.

"வாயை மூடு! ஓணானையும் அத்தையையும் இழுக்காதே. மொரடன் மொரடன்னு நாம பழிக்கிற கரடிகூடத் தன்கிட்ட வேலை பார்த்த குரங்குக்குப் பங்கு போட்டிருக்கு. உன்கிட்ட ஒருத்தன் விடியறதிலேருந்து அடையிற வரைக்கும் மண்டை அதிரக் கொத்தினான். அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருந்தது. அவனுக்கு நீ என்னய்யா செஞ்சே? ஒரு பழம்னு சொல்லிட்டு எவனையோ கேலி பண்ற மாதிரி சிரிச்சே! கரடிக்கு இருக்கிற நெஞ்சு உனக்கு இல்லையே!"

செவ்வந்தி சின்னக் குஞ்சைக் கவ்விக்கொண்டு போய் மரத்தடியில் சருகுக்குள் வைத்து மூடியது. பிறகு தானே பொந்து கொத்தக் கிளம்பிப் போனது.

தனக்குத் தானே முதலாளி ஆனவன் தனக்குள் இருக்கிற கூலிக்காரனின் வயிற்றில் அடித்தால், அவன் விழுகிற நாளில் பட்டினி கிடக்கப்போவது அவன் பிள்ளைகள்தான்.