கோவில்பட்டி வீட்டுப் பெட்டி

நெல்லையப்பனுக்கு ஐம்பத்து நாலு வயது. அவருக்கு லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுத்த பெனிட்டாவுக்கு அதில் பாதியைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கலாம். ஆனாலும் கோயம்புத்தூரில் மருந்துக் கடை மாடியில் நடந்த அவள் வகுப்புக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். அப்படி ஒரு பக்தி.

அன்று செருப்போடு உள்ளே வந்தார்.

"டீச்சர், ஊர்ல அம்மா முகம் வரலை."

கோவில்பட்டி வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதை அவரே ரௌட்டராக மாற்றி வைத்திருந்தார். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் இணையம் வீட்டுக்குள் போகும். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. சாயங்காலமானால் டேப்லெட் முன்னால் உட்கார்ந்து, வீடியோ காலில் மகனின் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். போனில் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?

"என்ன செஞ்சீங்க?"

"அங்க வீட்ல தம்பி ஓயாம நெட்ல படம் பாக்கான். அம்மா முகம் பாதியில உறைஞ்சு நின்னுபோகுது. எல்லாருக்கும் அடைச்சுட்டு, அம்மாவுக்கு மட்டும் திறப்போம்னு இங்கேயிருந்தே பெட்டிக்குள்ள போனேன். 'எல்லாத்தையும் அடை'ன்னு முதல் வரி போட்டேன். நானும் சேர்ந்து வெளியே நின்னுட்டேன்."

பெனிட்டாவின் வகுப்பில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. தூரத்திலிருந்து எதை அடைப்பதானாலும், 'பத்து நிமிஷத்தில் நீயே திறந்துகொள்' என்று பெட்டியிடம் முதலில் சொல்லி வைக்க வேண்டும்.

"திறக்கச் சொல்லி வச்சீங்களா?"

"கோபத்துல விட்டுட்டேன்."

அந்தக் கோபம் படம் பார்த்ததால் வந்ததல்ல. அப்பாவின் திதியன்று பஸ் தாமதமாகிவிட்டது. தம்பி சங்கரபாண்டி அண்ணனுக்காகக் காத்திராமல் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டான். மூத்த மகன் வந்து சேர்ந்தபோது இலை எடுத்தாகிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

"வெளியேயிருந்து வேற வழி இருக்கா டீச்சர்?"

அவள் தன் மேஜையிலிருந்து முயன்று பார்த்தாள். பெட்டி பதில் சொல்லவில்லை.

"நல்லா அடைச்சிருக்கீங்க சார். எனக்கே வழியில்லை."

"அம்மா இந்நேரம் டேப்லெட் முன்னாலதான் உட்கார்ந்திருப்பா. நான்தான் வரலைன்னு நினைச்சுக்குவா."

"போட்ட வரியைச் சேமிச்சீங்களா?"

"அதுக்குள்ள என்னை வெளியே தள்ளிடுச்சே."

"அப்ப அது பெட்டியோட நினைப்புல மட்டும்தான் இருக்கு. ஒரு தடவை அணைச்சுப் போட்டா மறந்துடும். பழையபடி திறந்துக்கும்."

நெல்லையப்பனின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது.

"அம்மா அதைத் தொடமாட்டா. தொடக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். தம்பிதான் அணைக்கணும்."

மேஜையில் கிடந்த அவருடைய போனை எடுத்து பெனிட்டா அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"நானும் மறக்கலை. அவனும் மறந்திருக்க மாட்டான் டீச்சர்."

"பெட்டியும் தானா மறக்காது சார். யாராவது போய்க் கை வைக்கணும்."