பாறைக்குப் பின்னால் ஒரு வால்

“இன்னும் சத்தமாக! அடிவயிற்றிலிருந்து ஊளையிடுங்கள்!” என்று கத்தியது நரி.

முயல் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊளையிட்டது. ஆமை கழுத்தை முடிந்தவரை நீட்டி ஊளையிட்டது, கொட்டாவிபோல வந்தது. ஊசியன் என்ற தூக்கணாங்குருவி மூச்சைப் பிடித்துக்கொண்டு அலகைத் திறந்தது.

“கீச்!”

“இதற்குப் பெயர் ஊளையா?”

“எனக்கு இவ்வளவுதான் வரும், முதலாளி.”

“முதலாளியா! இங்கே ஏது முதலாளி? நாம் எல்லோரும் ஒரே குடும்பம். அண்ணா என்று கூப்பிடு!”

“சரி, அண்ணா.”

“குடும்பமே ஊளையிடும்போது ஒருவன் மட்டும் கீச்சென்றால் எப்படி? நாளைக்குள் பழகிக்கொண்டு வா!”

நிழல் கம்பெனியில் தினமும் காலை இப்படித்தான் தொடங்கும். குளத்தங்கரைப் பாறையடிதான் ஆபீஸ். காட்டில் யாருக்காவது நிழல் வேண்டுமென்றால் ஒரு குரல் கொடுத்தால் போதும். தேக்கிலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவர்கள் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். “காடு முழுக்க மரம் இருக்கிறதே, அண்ணா. நிழலை யார் கேட்பார்கள்?” என்று முயல் முதல் நாளே கேட்டது. “உன்னிடம் நம்பிக்கை குறைவாக இருக்கிறது” என்றது நரி. கூலி கிடையாது. ஆளுக்கு ஒரு பங்கு, ஓர் ஆலமரத்தில். ஆலமரம் இன்னும் முளைக்கவில்லை.

“நான் யோசிக்கப் போகிறேன். நீங்கள் உழையுங்கள்!” என்று சொல்லிவிட்டு நரி பாறைக்குப் பின்னால் போனது. கொஞ்ச நேரத்தில் பாறையோரமாக அதன் செம்பட்டை வால் மட்டும் நீட்டிக்கொண்டு தெரிந்தது.

அந்த வால் அங்கே இருக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போவதில்லை. நரி அப்படி ஒரு சட்டம் போட்டதே இல்லை. “எப்போது வேண்டுமானாலும் கிளம்புங்கள்” என்றுதான் சொல்லும். ஆனால் ஒரு நாள் வால் இருக்கும்போதே அணில் கிளம்பிப் போனது. மறுநாள் நரி எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, “அணிலுக்கு நம்மேல் பாசம் இல்லையோ?” என்று தழுதழுத்த குரலில் கேட்டது. அணில் தேம்பித் தேம்பி அழுதது. அதற்குப் பிறகு வேலைக்கே வரவில்லை. மற்றவர்கள் வாலைப் பார்த்தபடி உட்காரக் கற்றுக்கொண்டார்கள்.

அன்று ஊசியனுக்கு அப்படி உட்கார்ந்திருக்க நேரமில்லை. குளத்துக்கு மேல் சாய்ந்த கருவேலங்கிளையில் அதன் கூடு பாதியில் தொங்கியது. விடியற்காலையில் சாமந்தி என்ற பெண்குருவி வந்து, கூட்டைக் காலால் உலுக்கியது. கூட்டின் நார் ஒன்றை இழுத்துப் பார்த்தது.

“கட்டு நல்ல கட்டுதான். ஆனால் இது கூடா, தொப்பியா? வாசல் எங்கே?”

“ஆபீஸில் வேலை கொஞ்சம் அதிகம்…”

“இன்று பொழுது சாய்வதற்குள் வாசல் இருந்தால் வந்து பார்க்கிறேன். இல்லாவிட்டால் பக்கத்துக் கிளைக்காரன். அவனுக்கு வேலைவெட்டி கிடையாது. ஆனால் வாசல் இருக்கிறது!”

இந்த மழைக்காலத்தில் ஜோடி சேராவிட்டால் அடுத்த மழைக்காலம்தான். அதுவரை ஊசியன் தொப்பிக்குள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வாசல் பின்னப் பச்சைப்புல் வேண்டும். புல்லோ குளத்துக்கு அக்கரையில்!

மதியம் ஒரே ஒரு குரல் வந்தது. “நேற்றுக் கொண்டு வந்தது பழைய நிழல்! இன்று புதிதாகக் கொண்டு வா!” என்று குளத்துக்குள்ளிருந்து எருமை கத்தியது. முயல் ஓடிப்போய் இலையைப் பிடித்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வந்தது. மற்றபடி வேலையே இல்லை. எல்லோரும் வாலைப் பார்த்தார்கள்.

“வால் மெல்ல அசைகிறது. பெரிய யோசனை ஓடுகிறது” என்றது ஆமை. அதுதான் அங்கே மூத்த ஊழியர்.

காற்று வலுத்தது.

“இப்போது வேகமாக ஆடுகிறதே!” என்றது முயல்.

“கோபம்! யாரோ சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்!”

உடனே மூன்றும் ஆளுக்கொரு தேக்கிலையைத் தூக்கிக்கொண்டு இங்குமங்கும் ஓடின. காற்று அடங்கிய பிறகுதான் உட்கார்ந்தன.

“ஆமையண்ணே, நான் கொஞ்சம் முன்னால் கிளம்பட்டுமா?” என்று ஊசியன் கேட்டது.

“தாராளமாகக் கிளம்பு. அதோ வால். பார்த்துக்கொள்.”

“நீங்கள் வீட்டுக்குப் போக நினைப்பதே இல்லையா?”

“நான் வீட்டை முதுகிலேயே கொண்டு வந்துவிட்டேன். சும்மாவா எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்!”

வெயில் சாய்ந்தது. ஊசியனுக்குத் தாங்கவில்லை. தத்தித் தத்திப் பாறையோரம் போனது. இவ்வளவு பெரிய வாலில் வாசல் பின்ன ஒரே ஒரு முடி போனால் அண்ணாவுக்குத் தெரியவா போகிறது? கண்ணை மூடிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தது. ஒரே ஓட்டமாக வந்து முயலின் காதுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

உறுமல் எதுவும் கேட்கவில்லை.

அலகில் செம்மண் உதிர்ந்தது. உள்ளே பச்சையாக இருந்தது. மென்று பார்த்தது. புல்! நல்ல, நீளமான, வளைத்தால் வளைகிற புல்!

ஊசியன் பறந்துபோய்ப் பாறைக்குப் பின்னால் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. செம்மண்ணில் தோய்த்த ஒரு கட்டுப் புல் பாறையிடுக்கில் செருகியிருந்தது. தூரத்தில், நாவல்மர நிழலில், நான்கு காலையும் வானத்துக்குக் காட்டியபடி நரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“ஏய்! அது வால் இல்லை! புல்!”

“உஷ்! கோபம் இருந்தால் மனதில் வைத்துக்கொள். அண்ணாவைப் புல் என்று சொல்லலாமா?” என்றது ஆமை.

“வந்து பாருங்கள்!”

“வந்து பார்த்தால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.”

“நான் எதையும் கேட்கவில்லை!” என்று முயல் இரண்டு காதுகளையும் மடித்துக்கொண்டது.

ஊசியனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஓர் இழையை உருவிக்கொண்டு கருவேலமரத்துக்குப் பறந்தது. திரும்பி வந்து இன்னோர் இழை. அலகில் எதையோ கவ்விக்கொண்டு பறந்ததால் மற்ற இரண்டும் டெலிவரி என்று நினைத்துக்கொண்டன. வால் மெலிந்தது.

“அண்ணா இளைத்துவிட்டார்” என்று ஆமை கண் கலங்கியது. “நமக்காக எப்படி உழைக்கிறார், பார்!”

கடைசிக் கொத்தையும் ஊசியன் பிடுங்கிக்கொண்டது.

“வால் போய்விட்டது!” என்று ஆமை சொல்லி முடிப்பதற்குள் முயலைக் காணவில்லை. ஆமை மெதுவாகக் கரைக்கு நகர்ந்து, தொபுக்கென்று குளத்தில் விழுந்தது.

இருட்டும் நேரத்தில் சாமந்தி வந்தது. வாசல் குழாயில் புகுந்து வெளியே வந்தது.

“கொஞ்சம் கோணல். ஏன் சிவப்பாக இருக்கிறது?”

“ஆபீஸ் புல்.”

“யோசித்துச் சொல்கிறேன்” என்று பறந்துவிட்டது. ஊசியனுக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை.

காலையில் நரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. “நேற்று நான் இருக்கும்போதே எல்லோரும் எப்படிக் கிளம்பினீர்கள்?”

“உங்கள் வால் போன பிறகுதான் போனோம், அண்ணா” என்றது ஆமை.

“போகவில்லை! என் வாலை எவனோ திருடிவிட்டான்!”

முயல் எட்டிப் பார்த்தது. “அப்படியானால் உங்களுக்குப் பின்னால் ஆடுவது என்ன, அண்ணா?”

நரி சட்டென்று தன் வாலின்மேல் உட்கார்ந்துகொண்டது. முதலில் முயல் சிரித்தது. பிறகு ஆமை சிரித்தது. ஓட்டோடு குலுங்கிச் சிரித்ததில் மல்லாந்து விழுந்தது. முயல் அதைப் புரட்டிவிட்டது. இரண்டும் திரும்பிப் பார்க்காமல் நடந்தன.

“நீயும் போகிறாயா? குடும்பத்தை விட்டுவிட்டா?” என்று நரி தழுதழுத்தது.

“ஒரு குடும்பம் வைக்க முடியுமா என்று பார்க்கத்தான் போகிறேன், அண்ணா!” என்று ஊசியன் பறந்தது.

கருவேலங்கிளை ஆடிக்கொண்டிருந்தது. கூட்டுக்குள் சாமந்தி இருந்தது. ஊசியன் வந்ததை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அலகில் கொண்டு வந்த ஈரக் களிமண்ணை உட்சுவரில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

பயந்து உட்கார்ந்திருப்பவர்களை ஆள்வதற்கு ஒரு பிடி புல்லே போதும்.