ஐந்து நிமிடத்துக்குள்

மின்சாரக் கம்பெனிகளின் பதிவேடுகளைச் சோதிக்கும் அரசு அதிகாரி சிதம்பரதாணு மடத்துக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. நடையைப் பார்த்தால் எப்போதோ ஓய்ந்துவிட்டவர்போல இருந்தது.

மடத்தின் குரு அவரைவிட வயதில் இளையவர். பக்கவாதத்தில் விழுந்துவிட்ட மடத்துச் சமையல்காரர் பேச்சிமுத்துவின் கட்டிலருகே பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் மின்விசிறி நின்றுபோயிருந்தது.

"வாங்க ஆபீசர். ஒங்க ஆளுக கரண்டைப் புடுங்கிட்டானுவ," என்றார் பேச்சிமுத்து, வாய் கோணியபடி.

"என் ஆளுக இல்லை, அண்ணாச்சி."

"பின்னே யாரு ஆளுக?"

தாணு குருவை வணங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"சாமி, வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்."

"என்ன ஆயிற்று?"

"ஐந்து நிமிடத்துக்கு மேல் மின்சாரம் நின்றால் கம்பெனி அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அபராதம் கட்ட வேண்டும். முன்பு அரைமணி என்றிருந்தது. ஐந்தாகக் குறைக்க நான்தான் மல்லுக்கட்டினேன்."

"நல்லதுதானே?"

அப்போது மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. காற்று வருமுன் நின்றுவிட்டது.

"கண்ணடிச்சிட்டான்," என்றார் பேச்சிமுத்து.

"இதுதான் சாமி. தேவை கூடும்போது வெளியிலிருந்து மின்சாரம் வாங்கினால் கம்பெனிக்குச் செலவு. அதனால் ஐந்து நிமிடம் ஆவதற்குள் ஒரு நொடி மின்சாரத்தை விட்டு, மறுபடி நிறுத்துகிறார்கள். பகல் முழுக்க இப்படி ஓட்டினாலும் பதிவேட்டில் மின்தடையே கிடையாது. துருவித் துருவிப் பார்த்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நாளைக்கு அது சரியென்று நான் கையெழுத்துப் போட வேண்டும்."

"விதியை மாற்றச் சொல்லலாமே?"

"அதிலும் ஒரு சந்து கண்டுபிடிப்பார்கள். நான் அடைக்க அடைக்க அவர்கள் துளைக்கிறார்கள். அவர்களுக்குத் தப்பிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் இத்தனை காலம் சம்பளம் வாங்கினேனோ என்னவோ."

குரு விசிறியைத் தாணுவின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தாணு விசிறினார்.

"கொஞ்சம் மேல வீசுங்க ஆபீசர். செத்த காலுக்கு என்னத்துக்குக் காத்து?"

மின்விசிறி மறுபடி கண்ணடித்தது. தாணு கையைத் தாழ்த்தினார். அது நின்றது. விசிறியை மீண்டும் தூக்கினார். தோள்பட்டை கடுத்தது.

"சாமி, இன்னும் எவ்வளவு நேரம்?"

குரு கண்ணைத் திறக்காமலே கேட்டார். "பதிவேட்டின்படி இங்கே மின்சாரம் நிற்கவே இல்லையே. எதற்கு விசிறுகிறீர்கள்?"

"இவருக்கு வேர்க்கிறதே சாமி."

"நாளைக்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் அதை எழுதுங்கள்."

தாணு சிரித்தார். சிரிப்பில் சத்தில்லை.

"எழுதினால் வேறு வழி பார்ப்பார்கள். நான் மறுபடி எழுத வேண்டும். கை ஓய்ந்துவிட்டது, சாமி."

குரு கண்ணைத் திறந்தார். பேச்சிமுத்துவின் கழுத்தில் திரண்டிருந்த வியர்வையைத் துண்டால் ஒற்றினார்.

"கையை மாற்றிக்கொள்ளுங்கள்," என்றார்.